ஐசர்மன் இருபது ஆண்டு கேப்டனாக இருந்து செய்தது என்ன?

2 மார்ச் 2024, ஒரு வாசகரின் கேள்வி

கிரிக்கெட் கேப்டன் பந்துவீச்சாளரை மாற்றுகிறார், களத்தடுப்பை நகர்த்துகிறார், டாஸில் முடிவெடுக்கிறார். தோற்றால் அவர் தலைதான் உருள்கிறது. ஐஸ் ஹாக்கியில் யார் எப்போது இறங்குவது, யாரோடு சேர்ந்து ஆடுவது எல்லாமே பயிற்சியாளர் கையில். அப்படியிருக்க, டெட்ராய்ட் ரெட் விங்ஸின் ஸ்டீவ் ஐசர்மன் இருபது ஆண்டு கேப்டனாக இருந்தார் என்பதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்? சட்டையில் ஓர் எழுத்து. அவ்வளவுதானே?

3 மார்ச், காலை

ஓர் எழுத்துதான். நெஞ்சில் தைத்த 'சி'. விதிப்புத்தகத்தைத் திறந்தால் அந்த எழுத்து தரும் உரிமை ஒன்றே ஒன்று: விதி பற்றிய ஐயத்தை நடுவரிடம் போய்க் கேட்கலாம். முடிவை எதிர்த்து வாதாட உரிமை இல்லை. வாதாடினால் தண்டனை. கோல் கீப்பர் கேப்டனாகவே கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அவர் கோலை விட்டு வந்து பேசினால் ஆட்டம் நகராது. இதற்குமேல் அதிகாரம் எதுவும் கிடையாது.

நான் அவரைப் பெரிதாகப் பேசுவதற்குக் காரணமும் இதுதான். அதிகாரமே இல்லாத பதவியில் இருபது பருவம் ஒருவர் சொல்லுக்கு அணியின் உடைமாற்றும் அறை அடங்கியது என்றால், அது எங்கிருந்து வந்தது?

அவர் 1983இல் டெட்ராய்ட்டுக்கு வந்தபோது வயது 18. ஒட்டாவாவின் புறநகரான நெபியனில் வளர்ந்த பையன். வட அமெரிக்க ஹாக்கி லீகான என்.எச்.எல் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் அந்த ஆண்டுத் தேர்வில் டெட்ராய்ட் உண்மையில் விரும்பியது அவரை அல்ல. மிச்சிகனில் வளர்ந்த பாட் லஃபான்டெய்னைத்தான் கேட்டிருந்தார்கள். நியூயார்க் ஐலண்டர்ஸ் மூன்றாவதாக அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட, நான்காவதாக ஐசர்மன் கிடைத்தார். 'டெட் விங்ஸ்', செத்த சிறகுகள், என்று ஊரே சொன்ன அணி அது. முந்தைய ஆண்டு அணியை வாங்கிய பீட்சா வியாபாரி மைக் இலிட்ச், ஆள் சேர்ப்பதற்காகச் சொந்த ஊர் ஆட்டந்தோறும் ஒரு காரைப் பரிசாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

1985-86இல் 80 ஆட்டங்களில் 17 வெற்றி, 57 தோல்வி. லீகிலேயே கடைசி இடம். அடுத்த பருவம் புதிதாக வந்த பயிற்சியாளர் ஜாக் டெமர்ஸ் அந்த எழுத்தை 21 வயதுப் பையனின் சட்டையில் தைத்தார். அணி வரலாற்றில் அதற்குமுன் அவ்வளவு இளைய கேப்டன் இல்லை. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசக் கூச்சப்படுகிற பையன். அறையில் அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள் இருந்தார்கள்.

3 மார்ச், இரவு

மேலே இருபது பருவம் என்று எழுதியது தவறு. ஆண்டுக் கணக்கில் 1986 முதல் 2006 வரை இருபது. ஆனால் 2004-05 பருவம் சம்பளத் தகராறில் முழுக்க ரத்தானது. எனவே ஆடிய பருவங்கள் 19. அப்படியும் லீக் வரலாற்றில் இதைவிட நீண்ட தலைமை வேறில்லை.

5 மார்ச்

இன்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்: "லீகின் ஸ்டான்லி கோப்பையை வெல்லாத கேப்டனாக எத்தனை ஆண்டு இருந்தார்?" பத்துப் பருவம் என்பது என் கணக்கு. 1986இல் எழுத்து வந்தது, பதினோராவது பருவத்தில், 1997இல்தான் கோப்பை.

அந்தப் பத்தின் முதற்பாதியில் அவர் ஆடிய ஆட்டத்தை நான் நேரில் காணக் கொடுத்துவைக்கவில்லை, அப்போது நான் கனடாவிலேயே இல்லை. பின்னாளில் ஒளிப்பதிவுகளைத் தேடித்தேடிப் பார்த்தேன். 1988-89இல் 65 கோல், 90 அசிஸ்ட் (பிறர் கோலுக்குக் கொடுத்த உதவி), இரண்டும் சேர்ந்து 155 புள்ளி. டெட்ராய்ட்டுக்காக ஒரு பருவத்தில் அவ்வளவு எடுத்தவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் அதே பருவத்தில் மரியோ லெமியூ 199 எடுத்தார், வெய்ன் கிரெட்ஸ்கி 168 எடுத்தார். பிறவிப் பயன் என்று சொல்லத்தக்க பருவத்தில் மூன்றாம் இடம். சக ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தரும் பியர்சன் விருது மட்டும் அவருக்கு வந்தது. கூட ஆடுகிறவனுக்குத் தெரியும்.

அதற்கு முந்தைய பருவம், 1988 மார்ச் 1. பஃபலோவுக்கு எதிராக ஐம்பதாவது கோலை அடித்தார். அதே ஆட்டத்தில் கோல் கம்பத்தில் மோதி வலது முழங்காலை உடைத்துக்கொண்டார். இந்த முழங்காலை நினைவில் வைத்திருங்கள். மறுபடி வரும்.

9 மார்ச்

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

1993இல் ஸ்காட்டி போமன் பயிற்சியாளராக வந்தார். மான்ட்ரியலுக்கு ஐந்து கோப்பை, பிட்ஸ்பர்க்குக்கு ஒன்று வென்று கொடுத்தவர். அவர் வந்தபோது ஐசர்மன் தொடர்ந்து ஆறு பருவம் நூறு புள்ளிக்குமேல் எடுத்த நட்சத்திரம். ஆனால் அணி ஒவ்வொரு வசந்தத்திலும் பிளே ஆஃபில் சறுக்கியது. 1993இல் டொராண்டோவிடம் ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில். 1994இல் எட்டாம் இடத்தில் உள்ளே வந்த சான் ஹோசேயிடம். 1995இல் இறுதிவரை போய் நியூ ஜெர்சியிடம் நாலுக்குப் பூஜ்யம் என்ற ஆட்டக் கணக்கில்.

போமன் கேட்டது இதுதான்: எதிரணி பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) எடுத்துக்கொண்டு திரும்பும்போது முதல் ஆளாகத் திரும்பி வா. கோலுக்காக எதிர்க் கோட்டருகே காத்து நிற்காதே. அதாவது, உன்னைப் புகழடையச் செய்ததைக் குறைத்துக்கொள். 1995இல் அவரை ஒட்டாவாவுக்கு விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு வலுத்தது. அந்தப் பருவத்தில் சொந்த அரங்கான ஜோ லூயிஸில் நடந்த முதல் ஆட்டத்தில் அவர் பெயரை அறிவித்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டி ஓயவில்லை. விற்பனை நடக்கவில்லை.

அவர் சண்டை போட்டிருக்கலாம். முதலாளி இலிட்ச் அவரைப் பிள்ளைபோல நடத்தியவர். ஊர் மொத்தமும் அவர் பக்கம். பயிற்சியாளரை அனுப்பிவிட்டுத் தான் இருந்திருக்கலாம், இந்த ஆட்டத்தில் அது நடக்காத கதையல்ல. அவர் செய்தது, சொன்னபடி திரும்பி வந்தது. 155 புள்ளி எடுத்தவன் பின்னால் ஓடி வருவதைக் கண்ட பிறகு, கடைசியான நாலாவது வரிசையில் ஆடும் ஒருவன் பயிற்சியாளரிடம் "நான் ஏன் ஓட வேண்டும்?" என்று எப்படிக் கேட்பான்?

கேப்டன் என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். கட்டளை இடுவதில்லை. கட்டளைக்கு முதலில் குனிகிறார்.

10 மார்ச்

நேற்று எழுதியதை இரவெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தேன். உணர்ச்சி வேகத்தில் கணக்கை விழுங்கிவிட்டேன்.

அவருடைய புள்ளிகள் குறைந்ததற்குப் போமன் மட்டும் காரணமல்ல. லீக் முழுவதிலுமே கோல்கள் வற்றின. 1988-89இல் ஓர் ஆட்டத்துக்கு இரு அணியும் சேர்ந்து சராசரியாக ஏழு கோலுக்குமேல் அடித்தன. 1997-98இல் அது ஐந்தைச் சற்றே தாண்டியது. கோல் கீப்பர்களின் கவசம் பெருத்தது, நடுப்பகுதியை அடைத்து ஆடும் உத்தி பரவியது. கிரெட்ஸ்கியின் எண்களும் விழுந்தன. தவிர, 1993-94இல் ஐசர்மனுக்குக் கழுத்தில் தட்டு விலகி, 58 ஆட்டந்தான் ஆட முடிந்தது. வயது முப்பதை நெருங்கியது. எனவே 155 புள்ளியைத் தியாகம் செய்தார் என்று சொல்வது மிகை. அந்த 155 எப்படியும் திரும்ப வந்திராது.

மிச்சமிருப்பது என்ன? ஓர் ஆள் குறைவாக இருக்கும் நேரத்தில் இறங்கியது, பக்கின் குறுக்கே உடம்பைப் போட்டது, தன் கோலின் பக்கத்து வட்டத்தில் நடக்கும் ஃபேஸ் ஆஃபை (நடுவர் பக்கைப் போட, இருவர் அதற்குப் போட்டியிடுவதை) எடுக்கப் போனது. இவை வயதாலோ லீகின் போக்காலோ தானாக வருவன அல்ல. 2000இல், சிறந்த தற்காப்பு முன்கள ஆட்டக்காரருக்கான செல்கி விருது அவருக்குக் கிடைத்தது. 1989இல் பியர்சன், 2000இல் செல்கி. ஒரே ஆள் இரண்டு வேறு ஆட்டக்காரர்களாக வாழ்ந்திருக்கிறார்.

நேற்றைய முடிவை நான் திரும்பப் பெறவில்லை. அதை எட்டிய வழி மட்டும் ஓட்டையாக இருந்தது.

11 மார்ச்

1996 மே 16. நான் கனடாவின் வின்சருக்கு வந்து மூன்று மாதம். வரைபடத்தில் பார்த்தால் வியப்பாக இருக்கும், இந்த இடத்தில் டெட்ராய்ட்டுக்குத் தெற்கே இருப்பது கனடா. நடுவில் ஆறு. ஊர்க்காரர்கள் பாதிக்குமேல் ரெட் விங்ஸ் பக்கம். ஓர் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். செயின்ட் லூயிஸுடன் ஏழாவது ஆட்டம். கோலே இல்லாமல் மூன்று பகுதியும் முடிந்து, முதல் கூடுதல் நேரமும் முடிந்துவிட்டது. முதலாளி கடையைப் பூட்ட மறந்து நிற்கிறார். ஒரு கத்தல். சுவர் அதிர்ந்தது. சோப்பு நுரைக் கையோடு ஓடிவந்தேன்.

மறுஒளிபரப்பில்தான் பார்த்தேன். அப்போது செயின்ட் லூயிஸில் ஆடிய கிரெட்ஸ்கிக்குப் போக வேண்டிய பக் நழுவுகிறது. ஐசர்மன் எடுத்து, நீலக்கோட்டைத் தாண்டியதும், அவ்வளவு தூரத்திலிருந்து ஓங்கி அடிக்கிறார். கோல் கீப்பரின் தோளுக்குமேல், கம்பத்தில் பட்டு உள்ளே. ஒன்றுக்குப் பூஜ்யம். ஆட்டத்தின் ஒரு விதியும் எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த சமையற்காரர் என் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நாட்டில் வேலைக்காக அல்லாமல் ஒருவர் என் கையைத் தொட்டது அன்றுதான்.

அந்த ஆண்டும் கோப்பை வரவில்லை. வழக்கமான பருவத்தில் 62 வெற்றி, அன்றைய சாதனை. கொலராடோவிடம் தோற்றார்கள்.

16 மார்ச்

கோப்பை 1997 ஜூன் 7 அன்று வந்தது. பிலடெல்ஃபியாவை நாலுக்குப் பூஜ்யம் என்று முடித்தார்கள். டெட்ராய்ட் 42 ஆண்டு காத்திருந்தது. மூன்று நாள் கழித்து ஊர்வலம் வுட்வர்ட் சாலை வழியாக வந்து ஆற்றங்கரையில் முடிந்தது. என் அகதி விண்ணப்பம் அப்போது நிலுவையில், எல்லை தாண்ட வழியில்லை. இக்கரைப் பூங்காவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கரையில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பரப்பு. பேச்சு ஒன்றும் புரியவில்லை. இரைச்சல் மட்டும் தண்ணீரின்மேல் தவழ்ந்து வந்தது. என்னருகே நூறு பேராவது அப்படி நின்றார்கள்.

ஜூன் 13 வெள்ளிக்கிழமை. ஆட்டக்காரர்கள் கோல்ஃப் ஆடிவிட்டுத் திரும்ப, குடித்துவிட்டு ஓட்டக்கூடாது என்று பொறுப்பாக வாடகைக் கார் அமர்த்தினார்கள். அந்த ஓட்டுநரின் உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. கார் மரத்தில் மோதியது. தற்காப்பு ஆட்டக்காரர் விளாதிமிர் கான்ஸ்டாண்டினோவும் அணியின் மசாஜ் நிபுணர் செர்கெய் ம்நட்சகானோவும் தலையில் அடிபட்டு நினைவிழந்தார்கள். உடனிருந்த சக ஆட்டக்காரர் ஃபெடிசோவ் தப்பினார். கான்ஸ்டாண்டினோவ் பிழைத்தார். மறுபடி ஆடவே இல்லை.

அடுத்த பருவம் முழுவதும் 'நம்பு' என்ற சொல்லை ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் பொறித்த சின்னத்தைச் சட்டையில் தைத்து ஆடினார்கள். 1998 ஜூன் 16, வாஷிங்டன். மறுபடியும் நாலுக்குப் பூஜ்யம். பிளே ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் ஐசர்மன்.

மரபுப்படி கோப்பையை முதலில் வாங்குபவர் கேப்டன். பிறகு யாரிடம் தருவது என்பது அவர் விருப்பம். எந்த விதிப்புத்தகத்திலும் எழுதப்படாத அதிகாரம் அது. முதல் நாள் நான் போட்ட பட்டியலில் விட்டுப்போன ஒன்று. சக்கர நாற்காலியில் கான்ஸ்டாண்டினோவைப் பனித்தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஐசர்மன் கோப்பையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மொத்த அணியும் தளத்தைச் சுற்றி வந்தது.

இதைத் தட்டச்சு செய்யும்போதும் கண் கலங்குகிறது.

18 மார்ச்

"அவர் அறையில் பேசவே மாட்டாரா?" என்று கேட்டவருக்கு: அரிதாகப் பேசுவார். 2002 பிளே ஆஃப் முதற்சுற்றில், சொந்த அரங்கில் வான்கூவரிடம் முதல் இரண்டு ஆட்டமும் போனபோது அணியை உட்காரவைத்துப் பேசினார். அடுத்த நாலையும் வென்றார்கள். அணியின் தற்காப்பு ஆட்டக்காரர் லிட்ஸ்ட்ரோம் நடுக்கோட்டருகிலிருந்து அடித்த பக் உள்ளே போனதும் அந்தத் தொடரில்தான். அதையும் பேச்சின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அது வான்கூவர் கோல் கீப்பரின் கெட்ட நேரம்.

அன்று அவர் ஒற்றைக் காலில் ஆடினார் என்றே சொல்ல வேண்டும். பிப்ரவரியில் கனடாவுக்காக ஒலிம்பிக் தங்கம், ஜூனில் மூன்றாவது ஸ்டான்லி கோப்பை. இடையே வலது முழங்காலில் குருத்தெலும்பு அநேகமாக இல்லை. விழுந்தால் எழ, மட்டையை ஊன்றிக்கொள்வார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட இரவுகள் உண்டு. அப்படியும் 23 ஆட்டங்களில் 23 புள்ளி.

ஆகஸ்ட்டில் அறுவை. முழங்காலுக்குக் கீழே எலும்பை வெட்டி, கோணத்தைத் திருத்தி, உடம்பின் பாரத்தைத் தேயாத பக்கத்துக்கு மாற்றுவார்கள். இதே அறுவை எனக்கு 2016இல் நடந்தது. கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினாறு ஆண்டு சிமெண்ட் தரையில் நின்ற கால். மருத்துவர் தாளில் படம் போட்டுக் காட்டியபோது "ஐசர்மனுக்குச் செய்ததுதானே?" என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அரைமணி நேரம் ஹாக்கி பேசினார். பன்னிரண்டு வாரம் ஊன்றுகோல். நாலாம் மாதம் மாடிப்படி ஏறியதற்கு வீட்டில் பாயசம் வைத்தார்கள். அவர் 37 வயதில், ஆறே மாதத்தில், பிப்ரவரியில் பனித்தளத்துக்கே திரும்பினார். கைதட்டலுக்கு ஆடுகிறவன் அங்கேயே நிறுத்தியிருப்பான், கையில் மூன்று கோப்பை இருந்தது.

24 மார்ச்

கண்ணைப் பற்றி எழுத மறந்தேன். 2004 மே 1, கால்கரிக்கு எதிரான ஆட்டம். திசைமாறிய பக் இடது கண்ணில். கண்குழி எலும்பு நொறுங்கியது. முகக்கண்ணாடி அணியாமல் ஆடிய தலைமுறை அது. அடுத்த பருவம் ரத்தானதால் ஓய்வு கிடைத்தது. 2005-06இல் 40 வயதில் திரும்பி வந்து ஆடினார். 2006 ஜூலை 3 அன்று விடைபெற்றார். 1,514 ஆட்டம், 692 கோல், 1,755 புள்ளி. எல்லாம் ஒரே அணிக்கு.

2007 ஜனவரி 2 அன்று அவருடைய 19ஆம் எண்ணை அரங்கின் கூரைக்கு ஏற்றியபோது, கொடியின் மூலையில் அந்த 'சி' எழுத்தையும் சேர்த்தார்கள். கேள்வி கேட்டவருக்கு இதையும் சொல்லிவைக்கிறேன்.

30 மார்ச்

இதுவரை எழுதியதைப் படித்த என் மகள், "அவர்மீது உங்களுக்குக் கோபமே வந்ததில்லையா அப்பா?" என்றாள். வந்தது. 2014இல்.

அப்போது அவர் டம்பா பே அணியின் பொது மேலாளர், கனடாவின் ஒலிம்பிக் அணியைத் தேர்ந்தெடுப்பவரும் அவரே. டம்பாவின் கேப்டன் மார்டன் சான் லூயி, முந்தைய பருவம் லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். அவரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. இன்னொருவருக்குக் காயம் ஏற்பட்ட பிறகே அழைத்தார். சான் லூயி தங்கம் வென்று திரும்பினார், மார்ச்சில் வேறு அணிக்குப் போய்விட்டார். ஒரு கேப்டனை இன்னொரு கேப்டன் இப்படி நடத்தலாமா? 1987இலும் 1991இலும் 'கனடா கோப்பை' என்ற பன்னாட்டுப் போட்டிக்கான கனடா அணியிலிருந்து நீக்கப்பட்ட வலி ஐசர்மனுக்கே தெரியுமே! பல நாள் பொருமினேன்.

இன்று நினைக்கும்போது கோபம் பாதிதான் குறைந்திருக்கிறது. தன் ஆள் என்பதற்காகச் சேர்க்கவில்லை, அது நேர்மை. அணி தங்கம் வென்றது, அதையும் மறுக்க முடியாது. ஆனாலும் அந்த மனிதரை இழந்திருக்க வேண்டியதில்லை. போமன் தன்னை விற்காமல் வைத்துக்கொண்ட கதையின் நாயகனிடம் நான் வேறொன்றை எதிர்பார்த்தேன்.

17 ஏப்ரல்

நேற்றிரவு தூங்கவில்லை. ஐசர்மன் 2019இல் மேலாளராக டெட்ராய்ட்டுக்குத் திரும்பினார். அவருடைய முதல் முழுப் பருவத்தில் வெற்றி 17. அதே 17, அவர் கேப்டனாவதற்கு முந்தைய பருவத்தின் எண். இந்த ஆண்டு அணிகளின் பட்டியலில் 91 புள்ளிவரை ஏறி வந்து, கடைசி நாளில் மான்ட்ரியலில் ஆடினார்கள். மான்ட்ரியலின் பயிற்சியாளர் யார் தெரியுமா? சான் லூயி.

கடைசி நொடிகளில் சமன் செய்து, பெனால்டி அடிகளில் 5-4 என்று டெட்ராய்ட் வென்றது. ஆனால் அதே இரவில் வாஷிங்டனும் வென்று அதே 91 புள்ளிக்கு வந்தது. வழக்கமான நேரத்துக்குள் வென்ற ஆட்டங்கள் அவர்களுக்கு அதிகம். கதவு மூடிவிட்டது. எட்டாவது ஆண்டாக பிளே ஆஃப் இல்லை.

இன்றைய கேப்டன் டிலன் லார்கின், மிச்சிகனிலேயே பிறந்த பையன். 2021இல் அந்த எழுத்து அவருக்குக் கிடைத்தது. ஆட்டம் முடிந்தபின் திரையில் அவர் முகம் வந்தது. வென்றவன் முகம் இல்லை அது. 1994இல் சான் ஹோசேயிடம் தோற்ற இரவு ஐசர்மனுக்கு வயது 28. நேற்று லார்கினுக்கு 27.

அக்டோபரில் பார்க்கலாம்.